தேர்வு அட்டவணையில் கிளாஷா? மனு எழுதும் முன் ஒரு நிமிஷம்

ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் வேலை பார்த்து, சூப்பரிண்டெண்டாக ஓய்வு பெற்றவள் நான். பருவத் தேர்வு அட்டவணை இணையதளத்தில் ஏறிய மறுநாள் காலையிலிருந்தே மனுக்கள் வரத் தொடங்கிவிடும். 'மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாகியுள்ளோம்' என்று ஆரம்பித்து 'ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று முடியும். எந்தத் தாள், எந்தத் தேதி, எத்தனை பேர் என்ற விவரம் மட்டும் நடுவில் இருக்காது. நூற்றுக்கு நூறு நியாயம் உள்ள பிள்ளைகளும் இப்படி எழுதித்தான் கோட்டைவிடுவார்கள். அந்த மனுக்களைப் பிரித்துப் படித்த கை என்பதால் சொல்கிறேன்: அட்டவணை மாறுவது உங்கள் வேதனையின் அளவைப் பொறுத்து இல்லை. மாற்றுவதற்கு வேண்டிய வேலையில் பாதியை நீங்களே செய்து கொடுத்திருக்கிறீர்களா என்பதைப் பொறுத்தே அது நடக்கிறது.

யார் போட்ட அட்டவணை என்று பாருங்கள்

இதைப் பார்க்காமல்தான் பலரும் தப்பான கதவைத் தட்டுகிறார்கள். உங்கள் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரி என்றால் அட்டவணை போடுவது கல்லூரிக்குள்ளேயே இருக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். மாடி ஏறிப் போய்ப் பேசினால் அன்றைக்கே முடிந்துவிடக்கூடிய விஷயம். தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரி என்றால் அட்டவணை பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது. முதல்வர் நினைத்தாலும் தேதியை மாற்ற முடியாது, பரிந்துரைக்கத்தான் முடியும். குழப்பமாக இருந்தால் ஹால் டிக்கெட்டின் அடியில் யார் கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள்.

செய்முறைத் தேர்வு தனிக்கதை. அந்தத் தேதி பெரும்பாலும் துறைத் தலைவரும் வெளித் தேர்வாளரும் பேசி வைப்பது. அதற்கு மனு எதுவும் வேண்டாம், எச்ஓடியிடம் நேரில் போய்ச் சொன்னாலே போதும்.

எது கிளாஷ், எது கஷ்டம்

அலுவலகத்துக்கு இந்த இரண்டும் வேறு வேறு. ஒரே தேதி, ஒரே வேளை, ஒரே மாணவருக்கு இரண்டு தாள் என்றால் அது கிளாஷ். அதைச் சரிசெய்தே ஆக வேண்டும், மறுக்க யாருக்கும் வழியில்லை. தொடர்ந்து ஐந்து நாள் தேர்வு, நடுவில் விடுமுறை இல்லை, காலையில் ஒன்று மதியம் ஒன்று என்பதெல்லாம் கஷ்டம். கஷ்டத்துக்கு 'பரிசீலிக்கப்பட்டது, ஏற்க இயலவில்லை' என்று ஒரு வரி பதில் எப்போதும் தயாராக இருக்கும்.

நம்முடைய பிரச்சினையைக் கிளாஷ் என்ற கட்டத்துக்குள் நியாயமாகக் கொண்டுவர முடியுமா என்று யோசிப்பதுதான் முக்கால்வாசி வேலை. பொய் சொல்லச் சொல்லவில்லை. பல சமயம் உண்மையான கிளாஷையே பிள்ளைகள் கஷ்டம் மாதிரி எழுதிவிடுகிறார்கள்.

கலை அறிவியல் கல்லூரிகளில் அடிக்கடி வரும் ஒன்றைச் சொல்கிறேன். பி.எஸ்சி. இயற்பியலுக்குச் சார்புப் பாடமாகக் கணிதமும் வேதியியலும் உண்டு. முதல் வருஷம் கணிதம், இரண்டாம் வருஷம் வேதியியல் என்று பெரும்பாலான கல்லூரிகள் வைத்திருக்கும். ஏதோ ஒரு கல்லூரியில் ஆசிரியர் வசதியைப் பார்த்து அதைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். சார்புக் கணிதம் முதல் வருஷத் தாள்தானே என்று நினைத்து, அதையும் நான்காம் பருவ முதன்மைத் தாள் ஒன்றையும் ஒரே முற்பகலில் வைத்துவிடுவோம். பெரும்பாலான கல்லூரிகளில் அரியர் வைத்த ஓரிருவருக்கு மட்டும் இடிக்கும். திருப்பிப் போட்ட கல்லூரியில் மொத்த வகுப்புக்கும் இடிக்கும். அந்த வகுப்பிலிருந்து 'அட்டவணை குளறுபடியாக உள்ளது' என்று மனு வந்தால் எங்களுக்கு ஒன்றும் புரியாது. 'எங்கள் கல்லூரியில் சார்புக் கணிதம் இரண்டாம் ஆண்டில் நடத்தப்படுகிறது' என்று ஒரே ஒரு வரி இருந்தால் படித்த கணமே விளங்கிவிடும்.

இன்னொரு வகை, சொல்வதை எழுதும் உதவியாளரை வைத்துத் தேர்வு எழுதும் மாற்றுத்திறனாளி மாணவர்களுடையது. தேர்வு நேரத்தில் ஒவ்வொரு மணிக்கும் 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும் என்பது மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை. மூன்று மணி நேரத் தேர்வுக்கு இது ஒரு மணி நேரம். காலை 10 மணிக்கு உட்காருபவர் எழுதி முடிக்க மதியம் 2 ஆகும். பிற்பகல் தேர்வு தொடங்குவதும் 2 மணிக்கே. அரியர் காரணமாக இரண்டு வேளையும் எழுத வேண்டிய பிள்ளைக்கு, விடைத்தாளைக் கொடுத்துவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கக்கூட நேரம் கிடையாது. உதவியாளருக்கும் அதே நிலைமை. இரண்டாவது தேர்வு முடிய மாலை 6 மணி ஆகிவிடும். இதை 'மிகவும் சிரமமாக உள்ளது' என்று எழுதினால் கஷ்டக் கணக்கில் போய்விடும். 'முதல் தேர்வு 2.00 மணிக்கு முடிகிறது, அடுத்தது 2.00 மணிக்குத் தொடங்குகிறது, அறை மாறவும் உணவருந்தவும் நேரமே இல்லை' என்று கடிகாரத்தைக் காட்டி எழுதுங்கள். மாற்றுத்திறனாளி உரிமைகள் சட்டம், 2016 என்பதையும் மனுவின் மேலே வரும் 'பார்வை' வரியில் சேருங்கள். அந்தக் கடிதத்தைத் தூக்கி ஓரமாக வைக்க எந்த அதிகாரிக்கும் தைரியம் வராது.

இடைவெளி இல்லை என்ற குறையை என்ன செய்வது? நேர்மையாகச் சொன்னால், அதில் ஜெயிப்பது அபூர்வம். விடைத்தாள் திருத்தும் முகாம், தேர்வு முடிவு, மேற்படிப்புச் சேர்க்கை என்று ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருப்பதால் அட்டவணையை நெருக்கித்தான் போடுவார்கள், அதிலும் இறுதிப் பருவத்துக்கு. கேட்கத்தான் வேண்டும் என்றால் ஒப்பீட்டோடு கேளுங்கள். அதே பருவத்தில் வேறொரு பாடப்பிரிவுக்கு ஐந்து தாளும் இரண்டு வாரத்தில் பரவியிருக்க, உங்களுக்கு ஐந்தும் அடுத்தடுத்த நாளில் இருந்தால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டம் போட்டுக் காட்டுங்கள். பாரபட்சம் கண்ணுக்குத் தெரிந்தால் அலுவலகம் கொஞ்சம் நெளியும்.

வெளித் தேர்வோடு மோதினால்

யுஜிசி நெட், டிஎன்பிஎஸ்சி, சிஏ என்று ஏதாவதொன்று பருவத் தேர்வு நாளிலேயே வந்து விழும். ஒருவருக்காகப் பல்கலைக்கழகத் தேர்வைத் தள்ள மாட்டார்கள். பல கல்லூரிகளில் பலருக்கு இடிக்கிறது என்று முதல்வர்கள் வழியாகப் போனால் பேச்சுக்கு இடமுண்டு. இரண்டு ஹால் டிக்கெட்டின் நகலும் கட்டாயம் வேண்டும். விண்ணப்பித்த ரசீதை மட்டும் காட்டினால் நம்ப மாட்டோம்.

எதிர்த் திசையிலும், அதாவது வெளித் தேர்வை நடத்துபவர்களிடமும், கேட்டுப் பார்க்கலாம். 2025 ஜனவரி 14 பொங்கலன்று சிஏ ஃபவுண்டேஷன் தாள் ஒன்றை வைத்திருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து எதிர்ப்புக் கிளம்பியதும் அந்தத் தாள் 16-ஆம் தேதிக்குப் போனது. அதே பொங்கலுக்கு யுஜிசி நெட்டும் வந்தது. தமிழக முதலமைச்சரிலிருந்து மாணவர்கள் வரை கடிதம் எழுதினார்கள். கடைசியில் 15-ஆம் தேதித் தேர்வை மட்டும் தேசியத் தேர்வு முகமை தள்ளிவைத்தது, 16-ஆம் தேதித் தேர்வு அறிவித்தபடியே நடந்தது. கவனியுங்கள், இரண்டிலும் மொத்த அட்டவணை கலையவில்லை, இடித்த நாளை மட்டும் எடுத்து வேறிடத்தில் வைத்தார்கள். நீங்களும் அவ்வளவுதான் கேட்க வேண்டும். 'அட்டவணையை ரத்து செய்து புதிதாக வெளியிடுக' என்று கேட்டால் அந்தக் காகிதத்துக்கு மரியாதை அதோடு போயிற்று.

காலி இடத்தை நீங்களே கண்டுபிடியுங்கள்

யாரும் செய்யாத வேலை இது. செய்தவர்களுக்குப் பலன் கிடைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அட்டவணையை அச்செடுத்து, உங்கள் பாடப்பிரிவின் எல்லாப் பருவத் தாள்களையும் தேதிவாரியாகக் குறியுங்கள், அரியர் தாள்கள் உட்பட. எந்த நாளில், எந்த வேளையில் உங்கள் பிரிவுக்கு ஒன்றுமே இல்லை என்று தெரிந்துவிடும். மொழிப்பாடம், ஆங்கிலம் போன்ற பொதுத் தாள்கள் உள்ள நாள்களை விட்டுவிடுங்கள், அன்றைக்கு ஹாலில் இடமே இருக்காது. மிச்சத்தில் இரண்டு தேதிகளைத் தேர்ந்து மனுவில் எழுதுங்கள்.

எங்கள் பக்கத்தில் நடப்பதைச் சொன்னால் இது ஏன் என்று புரியும். மனு தபால் பிரிவில் பதிவாகி, எண் விழுந்து, அசிஸ்டென்ட் மேசைக்கு வரும். அவர் குறிப்பு எழுத வேண்டும்: குறை உண்மையா, எத்தனை பேர், எந்தத் தேதிக்கு மாற்றலாம், மாற்றினால் வேறு யாருக்கு இடிக்கும். இந்த நாலு கேள்விக்கும் மனுவிலேயே பதில் இருந்தால் குறிப்பு அன்று சாயங்காலமே மேலே போகும். இல்லாவிட்டால் 'கல்லூரியிலிருந்து விவரம் கோரப்படுகிறது' என்று ஒரு கடிதம் தயாராகும். அந்தக் கடிதம் போய், பதில் வருவதற்குள் தேர்வே முடிந்துவிடும்.

அவசரத்துக்கும் காரணம் உண்டு. வினாத்தாள் கட்டுகள் தேதி, வேளை வாரியாகப் பிரிக்கப்பட்டுவிட்டால் ஒரு தாளை நகர்த்துவது பெரிய தலைவலி. அட்டவணை வந்த முதல் வாரத்தில் சுலபமாக நடப்பது, தேர்வுக்கு முந்தின வாரம் நடக்கவே நடக்காது. சில பல்கலைக்கழகங்கள் முதலில் தற்காலிக அட்டவணை விட்டு, கிளாஷ் இருந்தால் இன்ன தேதிக்குள் தெரிவிக்கவும் என்று அடிக்குறிப்பு போடும். அந்த அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை. நீங்கள் படியுங்கள்.

மனு இப்படி இருக்கட்டும்

ஒரே பக்கம் போதும். தமிழிலேயே எழுதலாம், ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

அனுப்புநர்: நான்காம் பருவ இயற்பியல் மாணவர்கள், கல்லூரியின் பெயர், கல்லூரிக் குறியீட்டு எண்.
பெறுநர்: தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், பல்கலைக்கழகத்தின் பெயர்.
வழி: துறைத் தலைவர், முதல்வர்.
பொருள்: ஏப்ரல் பருவத் தேர்வு – பி.எஸ்சி. இயற்பியல் – ஒரே வேளையில் இரு தாள்கள் – ஒரு தாளின் தேதியை மாற்றக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: தேர்வு அட்டவணையின் சுற்றறிக்கை எண், நாள்.

ஐயா / அம்மா,
பார்வையில் கண்ட அட்டவணைப்படி, இன்ன தேதி முற்பகலில் இன்ன குறியீடு கொண்ட நான்காம் பருவ முதன்மைத் தாளும், இன்ன குறியீடு கொண்ட சார்புக் கணிதத் தாளும் வருகின்றன. எங்கள் கல்லூரியில் சார்புக் கணிதம் இரண்டாம் ஆண்டில் நடத்தப்படுவதால், இணைப்பில் உள்ள மாணவர்கள் அனைவரும் இரு தாள்களையும் ஒரே நேரத்தில் எழுத வேண்டியுள்ளது. சார்புக் கணிதத் தாளை இன்ன தேதி பிற்பகலுக்கோ இன்ன தேதி முற்பகலுக்கோ மாற்றித்தருமாறு கேட்டுக்கொள்கிறோம். அவ்விரு வேளைகளிலும் எங்கள் பாடப்பிரிவுக்கு எந்தப் பருவத் தாளும் இல்லை.
இணைப்பு: மாணவர் பட்டியல், ஹால் டிக்கெட் நகல்கள், அட்டவணையின் தொடர்புடைய பக்கம்.

அவ்வளவுதான். குடும்பக் கஷ்டம், எதிர்காலம் பாழாவது எல்லாம் வேண்டாம். தாள் குறியீட்டை மட்டும் இரண்டு முறை சரிபாருங்கள். பழைய பாடத்திட்டத்துக்கும் புதியதற்கும் பாடத்தின் பெயர் ஒன்றாகவே இருக்கும், குறியீடு வேறாக இருக்கும். ஓர் எழுத்து மாறினால் நாங்கள் வேறு தாளைப் பார்த்துவிட்டு 'கிளாஷ் இல்லை' என்று எழுதிவிடுவோம்.

பட்டியலில் பதிவெண் வரிசையில் பெயர், தாள், கையெழுத்து இருக்கட்டும். இன்டர்னல் மதிப்பெண் போடுபவர்கள் என்ன நினைப்பார்களோ என்று முதல் ஆளாகக் கையெழுத்துப் போடப் பலரும் தயங்குவார்கள். பதிவெண் வரிசை என்றால் யாரும் தலைவர் இல்லை. இந்த மனு துறைக்கு எதிரானதும் இல்லை. தங்கள் பிள்ளைகளுக்கு அரியர் விழக் கூடாது என்றுதான் எச்ஓடியும் நினைப்பார், அநேகமாகச் சந்தோஷமாக மேலொப்பம் போடுவார். வாட்ஸப்பில் ஒரு மாதிரிக் கடிதத்தைச் சுற்றவிட்டு அறுபது பேர் தனித்தனியாக மெயில் அனுப்புவதால் எந்த லாபமும் இல்லை. அறுபதும் ஒரே கோப்பில் சேர்ந்து ஒரே பதில்தான் வாங்கும்.

கொடுக்கும் முறை

மூலப் பிரதி துறைத் தலைவர், முதல்வர் வழியாகப் போகட்டும். முதல்வரின் முகப்புக் கடிதத்தோடு வரும் மனுவுக்குத் தனி மதிப்பு. ஆனால் அது கல்லூரி அலுவலகத்திலேயே ஒரு வாரம் தூங்கவும் கூடும். அதனால் 'முன்நகல்' என்று மேலே எழுதி இன்னொரு பிரதியைத் தேர்வுப் பிரிவுக்கு நேரடியாகக் கொடுத்துவிடுங்கள். அலுவலக நடைமுறையில் எல்லோரும் செய்வதுதான், விதிமீறல் என்று யாரும் கேட்க மாட்டார்கள். மெயிலும் அனுப்பலாம், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். தேர்வுக் காலத்தில் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தால் உங்களுக்கே பரிதாபமாக இருக்கும்.

நேரில் போவதாக இருந்தால் இரண்டு பேர் போதும். பேருந்து பிடித்து முப்பது பேர் வந்து இறங்கினால் செக்யூரிட்டி கேட்டிலேயே நிறுத்திவிடுவார். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் கைப்பிரதியில் தேதியோடு சீல் வாங்குங்கள். பிறகு எந்த செக்‌ஷனுக்குப் போகிறது என்று கேட்டு அங்கேயும் ஒரு நிமிஷம் தலையைக் காட்டுங்கள். 'மேடம், இந்த நம்பர் தபால் உங்க சீட்டுக்கு வந்துடுச்சா?' என்று எண்ணைச் சொல்லிக் கேட்கும் பிள்ளையைப் பார்த்தால் உட்காரச் சொல்லத் தோன்றும். 'எங்க லைஃபே போச்சு மேடம்' என்று ஆரம்பித்தால் 'வெளிய வெயிட் பண்ணுப்பா' என்றுதான் வாயில் வரும். தூரம் என்றால் ஸ்பீட் போஸ்ட் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

போராட்டம் பண்ணலாமா என்று கேட்பீர்கள். நுழைவாயிலில் உட்கார்ந்து தேதியை மாற்ற வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன், அதை இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அப்போதும் உள்ளே கூப்பிட்டுப் பேசும்போது முதலில் கேட்கும் கேள்வி 'எழுத்து மூலமா கொடுத்தீங்களா?' என்பதுதான். சீல் வைத்த பிரதி கையில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

பதில் வராவிட்டால்

மாணவர் குறைதீர்ப்பு பற்றி யுஜிசி 2023 ஏப்ரலில் வெளியிட்ட விதிமுறைகள் இருக்கின்றன. அதன்படி கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். புகார் கிடைத்து 15 வேலை நாளுக்குள் அது அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் முடிவு கைக்கு வந்த 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம், அவர் 30 நாளுக்குள் தீர்க்க முயல வேண்டும். ஓய்வு பெற்ற துணைவேந்தரோ பேராசிரியரோ மாவட்ட நீதிபதியோதான் அந்தப் பதவிக்கு வருவார். மாற்றுத்திறனாளி, பட்டியல் சாதி, பெண்கள் போன்ற பிரிவினருக்குப் பாகுபாடு காட்டப்பட்டது என்ற புகாரும், கல்வி நாள்காட்டியில் சொன்ன தேதியைத் தாண்டித் தேர்வைத் தள்ளுவதும் இதில் குறைகளாகவே வரையறுக்கப்பட்டுள்ளன. உங்கள் குறை அந்த வரையறைக்குள் வந்தால் அதே வார்த்தைகளில் எழுதுங்கள்.

நாள்களைக் கூட்டிப் பார்த்தால் ஒன்று தெரியும். இந்த வழி அடுத்த வாரத் தேர்வைக் காப்பாற்றாது. ஒவ்வொரு பருவத்திலும் அதே சார்புத் தாள் அதே மாதிரி இடிக்கிறது என்றால், அடுத்த அட்டவணை வருவதற்குள் தீர்த்துக்கொள்ள இது உதவும்.

1100-க்கு அழைத்து, முதலமைச்சருக்கு வரும் மனுக்களைக் கவனிக்கும் 'முதல்வரின் முகவரி' துறையில் பதியலாம். அந்த மனுவும் சுற்றிவந்து அதே தேர்வுப் பிரிவுக்குத்தான் அனுப்பப்படும். ஆனால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற நெருக்கடியோடு வரும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், தமிழ்நாட்டில் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, 'இன்ன நாளில் அளித்த என் மனு மீதான அலுவலகக் குறிப்பின் நகல்' என்று கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். 'ஏன் மாற்றவில்லை?' என்று கேட்காதீர்கள், அதற்கு வராது. நகல் கேட்டால் யார் என்ன எழுதினார்கள் என்பது வெளியே வந்துவிடும். இப்படி நகல் கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் அடுத்த முறை குறிப்பு கொஞ்சம் நிதானமாகவே எழுதப்படும்.

உயர் நீதிமன்றம் கடைசி வழி. தேர்வுத் தேதி போன்ற விஷயங்களில் தலையிட நீதிமன்றங்கள் பொதுவாகத் தயங்கும். மாற்றுத்திறனாளி உரிமை போன்ற சட்டக் கேள்வி இருந்தால் மட்டும் யோசியுங்கள். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு.

மனு நிலுவையில் இருக்கும்போது

மனு கொடுத்துவிட்டதாலேயே தேர்வு நின்றுவிடாது. மாற்றம் எழுத்தில் வரும்வரை பழைய தேதியே தேதி. 'மாத்திட்டாங்களாம்' என்று குரூப்பில் வரும் செய்தியை நம்பி வீட்டில் உட்கார்ந்தவர்களின் ஆப்சென்ட்டை யாராலும் திருத்த முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் தேர்வுகள் தள்ளிப்போன மாதிரி மழைக்காலத்தில் நிஜமான அறிவிப்புகளும் பொய்யானவையும் கலந்துதான் சுற்றும். பல்கலைக்கழக இணையதளத்தில் சுற்றறிக்கையைப் பார்த்த பிறகே நம்புங்கள்.

தேதி மாறிவிட்டால் சுற்றறிக்கையில் தாள் குறியீடு சரியாக இருக்கிறதா, உங்கள் கல்லூரிக்கு மட்டுமா எல்லோருக்குமா என்று பாருங்கள். ஹால் டிக்கெட்டில் பழைய தேதியே அச்சாகியிருக்கும், மறுபடி தர மாட்டார்கள். சுற்றறிக்கையின் நகலை ஹால் டிக்கெட்டோடு பின் பண்ணி எடுத்துப் போங்கள். வேறு கல்லூரியில் தேர்வு மையம் என்றால் முதல் நாளே அங்குள்ள முதன்மைக் கண்காணிப்பாளரிடம் காட்டி, அந்த வேளைக்கான இருக்கைப் பட்டியலில் உங்கள் பதிவெண் ஏறியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.